பிஸ்கட் டின்னில் பாம்புச் சட்டை

கோழி வளர்க்கிற வீட்டுக்குப் பாம்பு வராமல் வேறு யார் வருவார்கள், மாப்பிள்ளை வீட்டாரா? இதைச் சொன்னால் என் தம்பி பெண்டாட்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிந்திய தீவனத்துக்கு எலி வரும். எலிக்கும் முட்டைக்கும் சாரை வரும். எப்போதாவது ஒரு நல்ல பாம்பும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதது அதன் வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறது. நானும் அதைத்தானே செய்தேன்.

கட்டியவன் இன்னொருத்தியோடு போனதும் தம்பி வீட்டுக்கு வந்தவள் நான். வந்த புதிதில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக்கூட யார் முகத்தையாவது பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் கொல்லையில் கோழி வளர்த்தேன், முட்டை விற்றேன். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. கோழி இருக்கிறவரை எனக்கு இங்கே இடம் உண்டு. கோழி போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

குழந்தை பிறந்ததிலிருந்து பாம்புப் பேச்சு பெரிதாகிவிட்டது. தம்பி பெண்டாட்டி கயிற்றைக் கண்டாலும் வீட்டை இரண்டாக்குவாள். "அண்ணி! ஐயோ அண்ணி!" என்று அவள் கத்துகிற கத்தலில் பாவம், அந்தப் பாம்புக்கே நெஞ்சுவலி வந்திருக்கும். ஒருநாள் பேச்சு முற்றிப்போய் தம்பியிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, உனக்கு இப்ப என்னதான் வேணும்? கோழிய வித்துடணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே அக்கா. வெளியில வர்றது வந்துட்டுப் போகட்டும். வீட்டுக்குள்ள வந்துட்டா மட்டும் கோழி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"வராது. அதுக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து என் முதுகு நிமிரவில்லை. பொழுது சாய்வதற்குள் சிந்திய தீவனத்தையெல்லாம் கூட்டி அள்ளிவிடுவேன். கதவிடுக்கில் சாக்கைத் திணிப்பேன். சுவரோரப் புல்லை முளைக்கவே விடமாட்டேன். அதையும் மீறி ஒன்று வந்துவிட்டால் பிடிப்பதற்கு, மோட்டார் மாட்டியபோது மிஞ்சிய குழாய் ஒன்று வைத்திருந்தேன். அதன் ஒரு முனையில் தீவனச் சாக்கைக் கட்டிச் சுவரோரம் படுக்கப் போட்டு, பின்னாலிருந்து துடைப்பத்தை லேசாக ஆட்டினால் போதும். பொந்து என்று நினைத்து அதுவாகவே உள்ளே போகும். சாக்கின் வாயை முடிந்து எடுத்துப்போய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவேன். அடிக்கவே மாட்டேன். கருணை கிருணை ஒன்றும் இல்லை. அடித்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் தம்பி காதுக்குப் போகும்.

பாம்பைக்கூட அனுப்பிவிடலாம். அது கழற்றிப் போடுகிற சட்டைதான் பெரிய தலைவலி. புதைத்துப் பார்த்தேன். என் கோழிகளே கிளறியெடுத்து, கல்யாண ஊர்வலம் போல இழுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கே வந்தன. எரித்துப் பார்த்தேன். "என்ன அண்ணி நாத்தம்? என்னத்த எரிக்கறீங்க?" என்று உடனே கேள்வி வந்துவிட்டது. கடைசியில், கண்ணில் படுகிற சட்டையையெல்லாம் மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, தீவன அறையில் தவிட்டுக்குள் புதைத்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று காலை நான் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அலறல் கேட்டது. ஓடினேன். தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். குழந்தையின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது.

"பாத்தியா அக்கா?" என்றான் வாசற்படியில் நின்ற தம்பி. "கொழந்த தலைமாட்டுக்கே வந்துடுச்சு."

எனக்குக் கோழி ஞாபகமே வரவில்லை, சத்தியமாக. மெத்தையைப் புரட்டினேன், கட்டிலுக்கடியில் புகுந்து தேடினேன், பீரோவை நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அந்தச் சட்டையைக் கையில் எடுத்தேன். புதிதாகக் கழற்றியது என்றால் ஈரப்பதமாக, மெத்தென்று இருக்கும். இது சருகாக நொறுங்கியது. மடித்த தடம் தெரிந்தது. மடிப்புக்குள் தவிடு ஒட்டியிருந்தது.

எந்தப் பாம்பு சட்டையைக் கழற்றி, மடித்து, தவிட்டில் புரட்டி வைக்கும்?

"அடிப்பாவி!" என்று தம்பி பெண்டாட்டி மேல் பாய்ந்தேன். "பெத்த புள்ள தலைமாட்டுல வெக்க உனக்கு எப்படிடீ மனசு வந்துச்சு? நான் திங்கற ஒரு வாய்ச் சோறு உன் கண்ண உறுத்துதா?"

"என்ன அண்ணி சொல்றீங்க? புள்ள மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!"

"நடிக்காத! டின்னு இருக்கற எடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அக்கா, அவளத் திட்டாத," என்றான் தம்பி. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "நான்தான் வெச்சேன்."

அவன் சொன்னது எனக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. அவள் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேடா," என்றேன்.

"சொன்னா அழுவ. ஊரெல்லாம் என்னைத்தான் பேசும். பாம்பு வந்துச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"கோழி உன்ன என்ன பண்ணுச்சு?"

"கோழி ஒண்ணும் பண்ணல." கொஞ்சம் இழுத்தான். "அது இருக்கறவரைக்கும் நீ எங்கயும் போக மாட்ட. இல்லேன்னா நம்ம தங்கச்சி வீட்ல போயி நாலு மாசம், ஆறு மாசம் இருக்கலாம்ல? எத்தன நாளைக்கு நானே பாக்கறது, சொல்லு."

பாம்போடு இத்தனை காலம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒன்றுகூட என்னைத் தொட்டதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அதற்குள் வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. கோழி வியாபாரியின் வண்டி. தம்பி நேற்றே சொல்லி வைத்திருக்கிறான்.

"ஏங்க, கோழி இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் தம்பி பெண்டாட்டி. அவள்தான் சொன்னாள், கயிற்றைக் கண்டு கத்துகிறவள்.

"நீ சும்மா இரு," என்று சொல்லிவிட்டு அவன் கொல்லைக்குப் போனான்.

கோழிகள் மேய்ச்சலில் இருந்தன. தம்பியும் வியாபாரியும் துரத்தினார்கள். ஒன்று சுவர் மேல் ஏறியது, ஒன்று கொய்யா மரத்துக்குப் போனது. மற்றவை ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி ஓடின. "கூண்டுல அடைஞ்சப்புறம் வரச் சொல்லியிருக்கலாம்ல?" என்று வியாபாரி எரிந்து விழுந்தான். பிறகு ஒரு கட்டையை எடுத்து வீசினான். வெள்ளைப் பெட்டை ஒன்று காலைப் பரப்பிக்கொண்டு விழுந்து சிறகடித்தது.

வேர்த்து வழிய, மூச்சு வாங்கத் தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, நீ கூப்பிட்டா வந்துடும். கொஞ்சம் கூப்பிடேன்."

வியாபாரி மறுபடி குனிந்து கட்டையைக் கையில் எடுத்தான். நான் ஒரு பிடி தீவனம் அள்ளிக்கொண்டு கொல்லை நடுவில் நின்றேன்.

"பா... பா... பா..."

எல்லாம் ஓடி வந்தன. சுவர் மேல் இருந்ததும் குதித்து வந்தது. புள்ளிக்கோழி எப்போதும் போல முந்திக்கொண்டு வந்து என் பாதத்தின் மேலேயே ஏறி நின்றது. குனிந்து தூக்கி, நானே வியாபாரி கையில் கொடுத்தேன்.