சாவியை எங்கே வைப்பது

எங்கள் கம்பெனி விற்பது கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டும் மென்பொருள். அதை நிறுவும்போது வரிசையாகத் திரைகள் வரும். எதிலும் மனுஷர் பேசுகிற மொழி இருக்காது. ஒரு திரை, பூட்டைத் திறக்கிற மீட்புச் சாவி என்ற சின்ன ஃபைலை எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டுத் தானே ஓர் இடத்தையும் காட்டும். பூட்டப்போகிற அதே ஃபோல்டர். நம்பி 'சரி' அழுத்தினால் சாவியும் உள்ளே போய்விடும். அதே கம்ப்யூட்டரில் சாவி கேட்காது; வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நான் அங்கே வாடிக்கையாளர் ஃபோனை எடுப்பவள். திட்டு வாங்கத்தான் சம்பளம். அந்தத் திரையை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். படிக்காமல் அழுத்துகிறவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்பார்.

என் தங்கை படித்துத்தான் அழுத்தினாள். புருஷன் மிரட்டியதையெல்லாம் ரெகார்ட் செய்து, அவன் கையில் சிக்கக் கூடாதென்று எங்கள் மென்பொருளில் பூட்டி, ஒரு நகலை இணையத்திலும் போட்டிருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா கம்பெனி சரக்கு, நம்பலாம் என்று நினைத்தாளாம். மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் அவளுக்கிருந்த ஒரே ஆதாரம் அது. அவன் அவளுடைய லேப்டாப்பைத் தரையில் அடித்து உடைத்தபோதுகூட அவள் பதறவில்லை. நகல் இருக்கிறதே.

அதை என் லேப்டாப்பில் திறக்க உட்கார்ந்தோம். மீட்புச் சாவி கேட்டது. எங்கே வைத்தாய் என்றேன். அது காட்டின இடத்திலேயே என்றாள். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் ஃபோனில் கூசாமல் சொன்ன பதிலை அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சாவியும் உள்ளேயே மாட்டிக்கொண்டது, இனித் திறக்காது என்றேன்.

"அப்போ அவன் பேசினதெல்லாம் உள்ளதான் இருக்கு?"

"இருக்குடி."

"யாராலயும் எடுக்க முடியாது?"

"முடியாது."

கோர்ட்டில் அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, பரம சாதுவாகப் பேசினான். ஆதாரம் எங்கே என்று நீதிபதி கேட்டார். திறக்காத ஃபைலைக் காட்டி, இதற்குள்ளே இருக்கிறது என்றாள் தங்கை. அவனுடைய வக்கீல் சிரித்தேவிட்டார். குழந்தை அப்பனோடு போனது.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம் என்றார். அடுத்த பதிப்பில் அந்தத் திரையில் புதிதாக ஒரு சின்னக் கட்டம் முளைத்தது: 'சாவி தொலைந்தால் அதற்கு நானே பொறுப்பு.' அதில் டிக் போடாமல் மேலே போக முடியாது. காட்டுகிற இடம் மட்டும் அதே ஃபோல்டர்தான்.