தலையணைக்கு அடியில் ஐநூறு ரூபாய்

குற்றாலத்திலிருந்து திரும்பி மூன்றாம் நாள். பாளையம்பட்டி வீட்டு மொட்டைமாடியில் தேவிபிரியா துவைத்த துண்டுகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கதவு தட்டப்பட்டது. அவள் கணவன் அரவிந்த்குமார் திறந்தான். லாட்ஜில் அவர்கள் தங்கிய அறையைக் கூட்டிய முருகேஸ்வரி நின்றிருந்தாள்.

"எனக்கு இங்க பக்கத்துல எம்.ரெட்டியபட்டிதான் சார். ரெஜிஸ்டர்ல ஒங்க அட்ரஸ் பாத்து வாரேன். தலகாணிக்கடியில ஐநூறு ரூவா வச்சது நீங்கதான?"

அவன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

வைத்தது அவன்தான். அறையைக் காலி செய்யும்போது அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டான். வாடகை கொடுத்தாயிற்று, கூட்டுகிறவளுக்குத் தனியாக எதற்கு என்று அவள் முடித்துவிட்டாள். எதிர்த்துப் பேசத் தைரியமில்லை. மனைவியின் பர்ஸிலிருந்தே எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு வந்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டில் பர்ஸைத் திறந்தவள், அறையில் பணம் திருடு போய்விட்டதென்று லாட்ஜுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நின்றவன் பஸ்ஸில் இடம் பிடிக்கப் போகிறவன்போல நகர்ந்துகொண்டான்.

"லாட்ஜுல தேடி, அந்த நோட்ட என் இடுப்புல இருந்துதான் எடுத்தாக. எனக்குன்னு வச்சுட்டுப் போயிருக்காகன்னு சொன்னேன். வச்சவுகளே போன் போட்டுத் திருட்டும்பாகளான்னு மேனேஜர் கேக்காரு. என்னத்தச் சொல்ல? போட்டோ புடிச்சு, திருடின்னு எழுதி, லாட்ஜுக்காரவுக வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாக. இப்ப ஒருத்தரும் வேலைக்குச் சேக்க மாட்டேங்காக. நாந்தான் வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

மாடியிலிருந்து இறங்கி வந்த தேவிபிரியா, வைத்தது அவன்தானா என்று வீட்டில் பேசும் தெலுங்கில் கணவனிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தெலுங்கிலேயே ஒப்புக்கொண்டான். இனிமேல் போன் போட்டால் நம் மானம்தான் போகும், ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்று அவளும் அதே மொழியில் சொன்னாள். உண்மை முழுவதும் முருகேஸ்வரியின் முகத்துக்கு நேரே பேசப்பட்டது. அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

தேவிபிரியா உள்ளே போய் இரண்டு நோட்டுகளோடு வந்தாள். "இந்தாம்மா, பஸ்ஸுக்கு வச்சுக்க. அவுக ஒண்ணும் வைக்கலயாம்."

முருகேஸ்வரி கையை நீட்டவில்லை. "வைக்கலன்னா இது எதுக்கு? திருடிக்கு யாராச்சும் பஸ்ஸுக்குக் காசு குடுப்பாகளா?"

தேவிபிரியா நோட்டுகளை மடக்கிக்கொண்டாள். அரவிந்த்குமார் செல்லை எடுத்து லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். "அந்த ஐநூற நாந்தாங்க வச்சேன். டிப்ஸு. வீட்டுக்காரிக்குப் பயந்துக்கிட்டு சொல்லல."

மேனேஜர் சிரித்தார். "இத அன்னைக்கே சொன்னா என்ன சார்? அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டாச்சு. போட்டோவ நான் அழிச்சிருவேன். முப்பது லாட்ஜுக்காரன் செல்லுல கெடக்கே, அத யாரு அழிக்க?"

செல் அணைந்தது.

"மன்னிச்சிரும்மா," என்றான்.

"மன்னிச்சா வேல வந்துருமா?" முருகேஸ்வரி படியிறங்கிச் செருப்பை மாட்டினாள். "குடுக்கணும்னு தோணுனா ஆளக் கூப்புட்டு, நாலு பேரு பாக்க, கையில குடுங்க. மனசில்லையா, குடுக்காமப் போங்க. நாங்க சண்டைக்கு வர மாட்டோம். ஆனா பொண்டாட்டிக்குப் பயந்து ஒளிச்சு வச்சுட்டுப் போகாதீக சார். ஒங்களுக்கு அது தருமம். எங்க கையில அது திருட்டு."