ஐம்பத்திரண்டுக்குக் கைதட்டல்

பீளமேட்டில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனை. அங்கே அன்புக்கரசிக்கு வேலை, நோயாளிகளிடம் பேசுவது. என்ன சாப்பிடலாம், ஊசியை எங்கே போடலாம், செருப்பில்லாமல் ஏன் நடக்கக் கூடாது என்று நாள் முழுக்கப் பேசுவாள். வாசல் தாண்டும்போதே பாதிப் பேர் மறந்துவிடுவதால், 'சுகர் சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினாள். அதற்கப்புறம் வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஓயவில்லை. பலாச்சுளை தின்னலாமா என்று ஒருவர் கேட்பார். வேண்டாம் என்று பதில் போட்டு அடுப்பைப் பற்றவைப்பதற்குள், பாதிச் சுளை தின்னலாமா என்று அவரே கேட்பார்.

குழுவுக்கு உயிர் வந்தது அவள் கொண்டுவந்த ஒரு வழக்கத்தால். வீட்டில் விரலைக் குத்திப் பார்த்து, சுகர் இறங்கியிருந்தால் எண்ணைப் போட வேண்டும். மற்றவர்கள் கைதட்டுப் படம் போடுவார்கள். அதுவரை வாயே திறக்காதவர்கள்கூட எண் போட ஆரம்பித்தார்கள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் மயில்சாமிக்கு முதன்முதலில் கைதட்டு விழுந்த அன்று, "என்ற கல்யாணத்துலகூட இத்தன பேரு சந்தோசப்படலீங்க அம்மணி" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல கூட்டம். கொஞ்சம் ஓய்ந்ததும் அன்புக்கரசி சுவரில் சாய்ந்துகொண்டு குழுவைத் திறந்தாள். காலை வணக்கப் பூக்கள், முருகன் படங்கள், வெந்தயத்தைப் பற்றி ஒரு புரளி. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

மயில்சாமி எழுதியிருந்தார்: '52ங்க.'

கீழே வரிசையாகக் கைதட்டு. முதல் ஆள் அப்துல் வஹீது. மயில்சாமியின் தறிக்குடோனுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், அவரும் சுகர்காரர். 'என்ன பண்ணுனீங்க, எங்களுக்குஞ் சொல்லுங்க' என்று குழுவில் இருக்கும் கருப்பாத்தாள் கேட்டிருந்தார். அதற்கு மயில்சாமியின் பதில்: 'மாத்திர போட்டுட்டு காலைல ஒண்ணுந் திங்கலீங்க. கை லேசா நடுங்குது. பரவால்லீங்க.'

அதற்கும் கைதட்டியிருந்தார்கள்.

அன்புக்கரசி அவரை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தறிச் சத்தத்தில் போன் எங்கே கேட்கும்? வஹீதை அழைத்தாள்.

"பாய், மயில்சாமி அண்ணன் எங்கீங்க?"

"உள்ள தறியிலதானுங்க மேடம். நம்பரப் பாத்தீங்களா? மனுசன் பின்னியெடுத்துட்டாரு."

"பாய், எழுபதுக்குக் கீழ போனா ஆபத்துங்க. ஆளு மயங்கி விழுந்துருவாரு. ஒரு டம்ளர் தண்ணில மூணு ஸ்பூன் அஸ்கா கலக்கி எடுத்துட்டு ஓடுங்க. போனக் கட் பண்ணாதீங்க."

வெள்ளைச் சர்க்கரைக்கு அந்தப் பக்கம் அஸ்கா என்று பெயர். அஸ்காவைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள் என்று குழுவில் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வஹீது தயங்கினார்.

"அஸ்காவா மேடம்? சுகர்காரருக்கா?"

"ஓடுங்க பாய்."

ஸ்பூன் டம்ளரில் மோதும் ஓசை, மூச்சிரைப்பு, பிறகு தறிகளின் இரைச்சல். யாரோ தறியை நிறுத்தினார்கள்.

"மயிலண்ணா, இதக் குடிங்க. அஸ்காத் தண்ணி."

"வேண்டாம் பாய். அம்மணி வேண்டாம்னு சொல்லியிருக்குது." மயில்சாமியின் நாக்கு குழறியது. "இப்பத்தான் கைதட்டு வாங்கியிருக்கறேன். கெடுத்துப்போடாதீங்க."

"ஸ்பீக்கர்ல போடுங்க பாய்," என்றாள் அன்புக்கரசி. "அண்ணா, நான் அன்புக்கரசி பேசறனுங்க. வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். இப்பக் குடிக்கச் சொல்றதும் நாந்தான்."

"ஏறிப்போச்சுன்னாங்க?"

"ஏறோணும். குடிங்க."

மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை கேட்டபோதுதான் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா இனிக்குதுங்க அம்மணி," என்றார் மயில்சாமி.

பக்கத்திலேயே உட்காருங்கள், கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள், எழுபதைத் தாண்டாவிட்டால் இன்னொரு டம்ளர் கொடுங்கள், தாண்டினால் இட்லி கொடுங்கள், மத்தியானம் டாக்டரிடம் கூட்டிவாருங்கள் என்று வஹீதிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நாந்தானுங்க மேடம் மொதல்ல கைதட்டுனேன்," என்றார் அவர். தட்டச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மயில்சாமி வந்து டாக்டரைப் பார்த்துத் திரும்பியபின் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். எண் குறைந்தாலே நல்லது என்று நினைக்காதீர்கள், மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கைதட்டாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னாள். பதிவு போய்ச் சேர்ந்ததும் பதில்கள் வந்தன. அத்தனையும் கைதட்டு.

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. 'இனிமே நான் பார்த்துச் சொன்னபிறகுதான் கைதட்டணும்' என்று எழுதினாள். அனுப்பும்போதே தெரிந்தது, இனி ஒவ்வொரு எண்ணும் தன் தலையில்தான் விழும் என்று.

மறுநாள் காலை அன்புக்கரசி பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தபோது மயில்சாமி எழுதினார்: '124ங்க. இட்லி தின்னு ரெண்டு மணி நேரங் கழிச்சுப் பாத்தது.'

குழுவில் ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறுபடி எழுதினார்: 'ஏனுங்க, யாரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. கம்மிங்களா, ஜாஸ்திங்களா?'

'மேடம் சொல்லோணும்' என்றார் வஹீது.

அன்புக்கரசி சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் எழுதினாள்: 'சரியா இருக்குதுங்க அண்ணா.' கைதட்டையும் அவளே முதலில் போட்டாள். மற்றவர்களுடையது மடமடவென்று வந்து விழுந்தது.

அதற்கு நடுவில் பலாச்சுளைக்காரர் நுழைந்தார்: 'கால் சுளைங்க மேடம்?'

அவள் நிமிர்ந்து, உட்கார எங்காவது இடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.