பம்பு வீட்டுக் கையெழுத்து

அய்யாவு பதினெட்டு வருடமாகச் செய்த வேலையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கடல் ஏறும்போது ஆற்றோர மடையை மூட வேண்டும். மூடிய பிறகு உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரைப் பம்பு போட்டு ஆற்றில் தள்ள வேண்டும். கடல் இறங்கினால் மடையைத் திறந்துவிட வேண்டும். மலேசியாவின் கிள்ளானில் கரைமேட்டை ஒட்டி நின்ற பம்பு வீட்டுக்குப் பின்னால் நானூறு வீடுகள், எல்லாம் பள்ளத்தில். மூன்றாவது லோரோங்கில், அதாவது சந்தில், அவர் வீடு. அங்கே அவர் மனைவி அமுதவள்ளி, சர்க்கரைப் புண் வந்த வலது காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தாள். புண்ணில் அழுக்குத் தண்ணீர் பட்டால் கால் போய்விடும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பம்பு இரண்டு. இரண்டாம் நம்பர் செத்து ஆறு மாதம். ஒன்றாம் நம்பர் பத்து நிமிடம் ஓடினால் சூடேறி நின்றுவிடும். அய்யாவு சொல்லாத ஆள் இல்லை. பம்பு மத்திய அரசு வாங்கியது. மாநிலம் அதை ஏற்றுக்கொண்டது. பராமரிப்பு நகராண்மைக் கழகத்துக்கு. கழகம் அதைக் குத்தகைக்காரனிடம் தள்ளியிருந்தது. அய்யாவு குத்தகைக்காரனின் ஆள். அவர் புகார் ஒவ்வொரு மேசையாக ஏறி, ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் அவரிடமே வந்தது: 'தளத்தில் உள்ளவர் கவனிக்கவும்.'

அந்த மாதம் மூன்றாம் தேதி வெள்ளப் பயிற்சி வைத்தார்கள். நாலு அடுக்கு அரசாங்கமும் ஒன்றாகக் கைகோத்து நிற்பதைக் காட்ட வேண்டுமாம். கூடாரம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், ஆரஞ்சு அங்கி, ரப்பர் படகு எல்லாம் வந்தன. கூடவே மத்திய அரசு லோரி ஒன்று, பின்னால் மஞ்சள் நிற டீசல் பம்பை இழுத்துக்கொண்டு வந்தது. அதைப் பம்பு வீட்டின் மறைவில் நிறுத்திக் குழாயைச் சொருகினார்கள். தலைமை தாங்க வந்திருந்த டத்தோ பட்டக்காரர் கொடியசைத்தார். ஆனைத் துதிக்கை மொத்தத்துக்குத் தண்ணீர் ஆற்றில் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கூட்டம் சாப்பிடப் போனதும் கமலநாதன் ஒரு பாரத்தோடு, அச்சடித்த படிவத்தோடு, வந்தார். மாவட்டப் பேரிடர்க் குழுவில் அதிகாரி. அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகக் குடும்பம். ஆனாலும் அய்யாவுவை மதித்துப் பேசுகிற ஆள்.

"அண்ணே, ரெண்டு பம்பும் ஓடுதுன்னு டிக் போட்டு சைன் பண்ணுங்க."

"எது சார் ஓடுது? ஒண்ணு பொணம், ஒண்ணு நோயாளி. ஓடினது அந்த மஞ்சக் குதிரை."

"தண்ணி வெளிய போச்சா இல்லையா?"

"போச்சு."

"அதான் கேள்வி. டத்தோ சைன் உங்க சைனுக்குக் கீழ வரணும். அவர் ரெண்டு மணிக்கு சுபாங்ல இன்னொரு கூட்டத்துல இருக்கணும்லா."

அய்யாவு பேனாவை வாங்கவில்லை. "பதினேழாந் தேதி பெரிய அலை சார். சாயங்காலம் அஞ்சு அம்பத்திரண்டுக்கு. அன்னைக்கு மழையும் சேர்ந்துச்சுன்னா நாங்க முழுகிருவோம். இந்த மஞ்சப் பம்பை அதுவரைக்கும் இங்கயே விடச் சொல்லுங்க. எத்தனை சைன் வேணும்னாலும் போடுறேன்."

கமலநாதன் நீட்டிய பேனாவை மடக்கவில்லை. "சரிண்ணே. நானே லெட்டர் போடுறேன். பம்பு நிக்கும்."

அய்யாவு கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போய், "அமுதா, பம்பு நிக்கப் போவுது," என்றார்.

"யாரு சொன்னா?"

"கமலநாதன் சாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன்," என்று சிரித்தார் அய்யாவு.

ஒன்பதாம் தேதி காலை லோரி வந்து மஞ்சள் பம்பைக் கொக்கியில் மாட்டியது. அய்யாவு முன்னால் போய் நின்றார். டிரைவர் தாளை நீட்டினான். "போஸ், எனக்கு ஆர்டர். ஒங்க வயித்தெரிச்சல மேல போய்க் கொட்டுங்க."

அய்யாவு போன் போட்டார். கமலநாதன் பொய் சொல்லவில்லை, கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதமும் போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணே, மாநிலத்துல ஒரு போர்டு வச்சிருக்காங்க. பம்பு கெட்ட இடம் சிவப்பு, நல்லா இருக்குற இடம் பச்சை. மத்திய அரசுப் பம்பு சிவப்புக்குத்தான் போவும். உங்க இடம் பச்சையா இருக்கு."

"யாரு சார் பச்சை ஆக்குனா?"



"நீங்க சைன் பண்ணுன பாரம்ணே."

"அப்ப இன்னொரு பாரம் குடுங்க. கெட்டுப்போச்சுன்னு எழுதுறேன்."

"ஆறு நாள்ல எப்படிக் கெட்டுச்சுன்னு கேப்பாங்க. அப்ப மூணாந் தேதி ரிப்போர்ட்டே பொய்னு ஆயிரும். அதுல டத்தோ சைன் இருக்கு. கொஞ்சம் புரிஞ்சுக்குங்க."

அய்யாவுக்குப் புரிந்தது. லோரிக்கு வழிவிட்டார்.

பதினேழாம் தேதி மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலு மணிக்கு மடையை மூடினார். ஒன்றாம் நம்பர் பதினோரு நிமிடம் ஓடி நின்றது. நனைத்த கோணிச் சாக்கை மோட்டார் கூட்டின் மேல் போட்டுக் குளிரவைத்து மறுபடி முடுக்கினார். எட்டு நிமிடம். மறுபடி. ஐந்து நிமிடம். சைரன் சுவரில் இருந்தது; மாவட்டம் சொல்லாமல் அமுக்கக்கூடாது. மாவட்டத்துக்குப் போன் அடித்தார். எடுத்த பெண் கணினியைப் பார்த்து, "அங்கிள், உங்க இடத்துல ரெண்டு பம்பும் ஓடுதே," என்றாள்.

"ஆமாம்மா, ஓடுது. கடலப் பாத்து ஓடுது!" என்று கத்திவிட்டுச் சைரனை அமுக்கினார். பயிற்சியன்று அலறிய சைரன் இரண்டு முறை விக்கி அடங்கிப்போனது.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு அடித்தார். "கட்டில் மேல காலைத் தூக்கி வச்சுக்க அமுதா."

"கட்டிலே நனைஞ்சிருச்சுங்க. நீங்க வராதீங்க. பம்பை விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொல்லுவாங்க."

அவர் போனார். இடுப்பளவுத் தண்ணீரில், மீன் விற்கும் பக்கத்து வீட்டுச் சீனர் கொடுத்த நீலத் தொட்டியில் அவளை உட்காரவைத்து, இருவருமாக மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டு அவிழ்ந்து சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது. பயிற்சியன்று வந்த ரப்பர் படகைக் காணவில்லை. உத்தரவு வராமல் அது நகராதாம். உத்தரவு மறுநாள் காலை வந்தது.

பன்னிரண்டாம் நாள் அமுதவள்ளியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அடுத்த வாரம் மாவட்டத்தில், வெள்ளத்தில் யார் தப்பு என்று பார்க்க ‘போஸ்ட்மார்ட்டம்’ கூட்டம். நீள மேசை, குளிர்சாதனம், தின்னக் கறிபாப் பலகாரம். பம்பைக் கொடுத்தாயிற்று என்றது மத்திய அரசு. ஒப்படைத்தாயிற்று என்றது மாநிலம். பராமரிப்பு குத்தகையில் என்றது கழகம். எங்கள் ஆளே நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்திருக்கிறார் என்றான் குத்தகைக்காரன். பாரத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். டத்தோவின் கையெழுத்து 'பார்வையிட்டேன்' என்பதன் கீழே இருந்தது. 'சரிபார்த்தேன்' என்பதன் கீழே இருந்தது ஒரே ஒரு கையெழுத்துதான். முழுப் பேரும் தெரிய, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த அதே கோணல் எழுத்தில் இருந்தது.

"இது உங்க சைன்தானே?"

"ஆமாங்க."

"யாராவது போடச் சொன்னாங்களா?"

அய்யாவு கமலநாதனைப் பார்த்தார். கமலநாதன் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் இல்லாமல் கீழே வைக்கவும் இல்லாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் மாட்டினாலும் அமுதாவின் கால் போன கணக்கில் ஒன்றும் குறையப்போவதில்லை என்று அய்யாவுக்குத் தோன்றியது. அப்புறம், குறையாவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது.

"இவருதான் சொன்னாரு," என்றார்.

"எழுத்துல இருக்கா?"

இல்லை. வேலைநீக்கக் கடிதம் மட்டும் எழுத்தில் வந்தது.

சாவியைக் கொடுக்கப் போனபோது பம்பு வீட்டு வாசலில் புது ஆள் லோகன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, மூடிப்போன டயர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தவன். அய்யாவு சாவியை அவன் கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கேட்டுக்க. ரெண்டாம் நம்பர் செத்துப்போச்சு. ஒண்ணாம் நம்பர் அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காது. உன் கண்ணால ஓடுறதப் பாக்காம எந்தப் பாரத்துலயும் கை வைக்காத. சாமியே வந்து கேட்டாலும் சைன் பண்ணாத."

லோகன் சங்கடமாகச் சிரித்தான். கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"அதெல்லாம் காலைலயே போட்டாச்சுண்ணே. போட்டாத்தான் வேலைன்னாங்க."