சட்டையில் மட்டும் மாசானம்

1

இந்தக் கதை என் வீட்டுக்குக் கூரியரில் வந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை. ஒரு பத்திரிகை என் வேறொரு கதையைத் திருப்பி அனுப்பியிருந்தது. 2004-இல் நிராகரிப்பைக்கூடக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும். கொண்டுவந்தவரின் சட்டையில் ‘மாசானம்’ என்று தைத்திருந்தது. தண்ணீர் கொடுக்கலாமென்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் சிரித்தார்.

“சட்டைதான் சார் மாசானம். நான் காசிராஜன்.”

என் கதை திரும்பி வந்த துக்கம் பாதி போயிற்று. என் புத்தி அப்படி. (கதைகள் அடிக்கடி திரும்பி வந்ததால் அவரை அடிக்கடி பார்க்கவும் முடிந்தது.)

2

முதல் தொடக்கம்: செம்பரம்பாக்கம் ஏரிக்குமேல் சூரியன் ஒரு—

வேண்டாம். சூரியனுக்கு இதில் சம்பந்தமில்லை.

இரண்டாவது: ஒரகடம் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்பியபோது மாசானத்தின் கால் முறிந்தது.

[இதற்கு உவமை தேடக் கை வரவில்லை.]

ஸ்ரீபெரும்புதூர் கிளையில் பார்சல் பட்டுவாடா செய்த தெற்கத்தி ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய லைனை, அதாவது அவருக்கு ஒதுக்கிய ஊர்களை, இன்னொருவர் சேர்த்து ஓட்டுவார், படுத்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு. லைன் காலி என்று தெரிந்தால் நிர்வாகம் வேறு ஆளைப் போட்டுவிடும்.

3

கிளைப் பொறுப்பாளர் பலராமனை முதலில் வில்லனாக எழுதினேன். பெரிய மீசை வைத்தேன். ஆனால் மாசானத்தின் சட்டையில் காசிராஜன் போய் நின்ற முதல் காலையில், உள்ளூர்க்காரரான பலராமன் ஏற இறங்கப் பார்த்தாராம்.

“இன்னாபா மாசானம், ஒரே ராத்திரில வளந்துட்ட?”

பார்சல் மூட்டையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.*

* நிஜத்தில் அவருக்கு மீசை உண்டு. எழுதினால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள்.

4

கால் கூடி, நொண்டிக்கொண்டு வந்த மாசானத்தைத் தலைமை அலுவலகம் சேர்க்க மறுத்தது. வண்டி உன்னுடையது, பெட்ரோல் உன்னுடையது, நீ ஒப்பந்தக்காரன், எங்கள் தொழிலாளி இல்லை என்றது. இ.எஸ்.ஐ. வைத்தியமும் கிடையாது. எல்லோரும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். காசிராஜன் செயலாளர். விவகாரம் காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அதிகாரி முன் சமரசப் பேச்சுக்குப் போனது. மாசானம் தொழிலாளிதான் என்று ஆனால் வேலை திரும்பக் கிடைக்கும்.

அங்கே காசிராஜன் சங்கத்தின் ஒற்றுமையைக் காட்டுவதாக நினைத்துப் பெருமையாகச் சொன்னார்:

“நாங்க ஒருத்தன ஒருத்தன் விட்டுக்குடுக்க மாட்டோம் சார். இவன் படுத்துக் கெடந்தப்போ இவன் லைன நான்லா ஓட்டுனேன்.”

கம்பெனியின் பர்சனல் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தொழிலாளி தன் வேலையைத் தானே செய்யவேண்டும், தனக்குப் பதிலாக ஆள் அனுப்புகிறவன்தான் ஒப்பந்தக்காரன், அதை அவர்களே சொல்லிவிட்டார்களே என்றார்.

செய்த உதவியே எதிர்க்கட்சிக்குச் சாட்சியாகிவிட்டது. அதிகாரி இளகிய மனிதர்போல. ஒரு வழி விட்டுப் பார்த்தார்.

“நீங்களா போனீங்களா, இல்ல யாராச்சும் போகச் சொன்னாங்களா?”

சொல்லியிருக்கக்கூடியவர் எதிர் பெஞ்சில், கம்பெனி பக்கம், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலராமன். காசிராஜன் யோசித்துச் சொல்ல அவகாசம் கேட்டார். அதிகாரி அடுத்த செவ்வாய்க்குத் தள்ளி வைத்தார்.

5

முடிவு அ: “பலராமண்ணன்தான் போகச் சொன்னாவ.” அது கம்பெனியின் உத்தரவாகிறது. மாசானத்துக்கு வேலை கிடைக்கிறது. தெரிந்தும் மறைத்ததற்காகப் பலராமனுக்குப் போகிறது.

முடிவு ஆ: “நானாத்தான் போனேன்.” பலராமன் தப்பிக்கிறார். மாசானம் பஸ் ஸ்டாண்டுக்கு நொண்டுகிறார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு காசிராஜன் பின்னால்—

முடிவு இ: பலராமனே எழுந்து, தான் சொன்னதாகச் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். என் கதை அழகாக முடிவதற்காக ஒருவரை வேலையை விடச் சொல்ல நான் யார்?

6

“நீங்க எழுதுறவுக. என்ன சொல்லணும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?” என்று கேட்டார் காசிராஜன், செவ்வாய்க்கு முன்னால், தண்ணீர் குடித்த சொம்பைத் திருப்பித் தரும்போது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அடுத்த நிராகரிப்பைக் கொண்டுவந்தவரின் சட்டையில் பெயரே இல்லை. காசிராஜனைப் பற்றிக் கேட்டேன். தான் புதுசு, தெரியாது என்றார்.

எனவே இந்த லைனின் கடைசி வீட்டுக்கு நான் போகவில்லை. நீங்கள் போங்கள். என் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், பரவாயில்லை. அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கிறார். ஏதோ ஒன்றைச் சொல்லுங்கள்.

பிறகு யாராவது கேட்டால், நான்தான் போகச் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள்.