மாதிரிக்கு ஒரு பெயர்

கன்னட ராஜ்யோத்சவ விடுமுறைக்கு மறுநாள், பெங்களூர் வைட்ஃபீல்ட் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் களிமண்ணில் மண்டையோடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோவில் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்களாம். மண்டையோட்டின் நெற்றியில் அவர்கள் பெயரை எழுதி, வாசலிலிருந்து படையல் வரை செண்டுமல்லி இதழைத் தூவிவிட்டால் வாசம் பிடித்து வந்துவிடுவார்களாம். கைவேலை மிஸ் பாகீரதி புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தாள்.

“எங்க வீட்லயும் மகாளய அமாவாசைக்குப் படைப்பாங்க மிஸ். ஆனா காக்காதான் வரும்” என்றான் மஞ்சுநாத். வகுப்பே சிரித்தது.

“பேரு எங்க எழுதணும் மிஸ்?” என்று சிந்து கேட்டாள்.

மாதிரிக்குப் பிடித்திருந்த மண்டையோட்டை எடுத்து, வெள்ளை பெயிண்டில் எழுதிக் காட்டினாள் பாகீரதி. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தாள். சந்திரன்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாள்! சந்திரன் அவள் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஹெப்பகோடி ஃபேக்டரியில் ஷிஃப்ட் என்று ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து கிளம்பியவன், போனவன் போனவன்தான். கருமாதி பண்ணிவிடலாம் என்று அவனைப் பெற்றவளே சொல்லிப் பார்த்துவிட்டாள். “பொணத்தக் காட்டுங்க, பொட்ட அழிக்கிறேன்” என்று ஒரே போடாகப் போட்டு மாமியார் வாயை அடைத்தவள் பாகீரதி. இன்றைக்கும் கேட் சத்தம் கேட்டால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் தன் கையாலேயே எழுதிவிட்டாள்.

தலைப்பால் துடைத்தாள். பெயிண்ட் ஈரமண்ணில் இழுபட்டதே தவிரப் போகவில்லை. ஒரே அழுத்தில் நசுக்கிவிடலாம்தான். அவன் பெயர் எழுதிய தலையை நசுக்கக் கை வரவில்லை.

“யாரு மிஸ் இது?”

“சும்மா, மாதிரிக்கு எழுதுனேன் கண்ணு.”

“அப்ப அவரும் வருவாரா?” என்ற சிந்து, பதிலுக்குக் காத்திராமல் அதை எடுத்துப்போய்ப் படையல் மேசையில், பிள்ளைகள் கொண்டுவந்திருந்த செத்த தாத்தாக்களின் போட்டோக்களுக்கு நடுவே வைத்தாள். மற்ற பிள்ளைகள் வாசல்வரை பூத் தூவி முடித்திருந்தார்கள். மணி அடித்தது. பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

பாகீரதி தனியாக நின்றாள். வராந்தாவின் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆம்பளை நடை. வாட்ச்மேனாக இருக்கும், வேறு யார்? ஆனாலும் இன்றைக்கு அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக வந்துடுங்க, வந்துடுங்க என்று வேண்டாத தெய்வமில்லை. செத்தவர்கள்தானே இந்தப் பூவை மிதித்து வருவார்கள்?

“வராதீங்க” என்றாள் வாய்விட்டு. “இந்த வழியா மட்டும் வராதீங்க.”

சத்தம் நெருங்கியது. வாசலில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் இதழ்களை வழித்து வழித்து மடியில் அள்ளத் தொடங்கினாள்.