கொண்டை சிறுத்த சேவல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் கிடைத்தது. பதுளை பஜாரில் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். கடையின் பின்னறையிலிருந்து, பல் டாக்டரை நினைவூட்டும் ஒரு கீச்சொலி. எட்டிப் பார்த்தால், கடைக்காரரின் தங்கை ஸஜீதா, பச்சைக் கண்ணாடித் துண்டொன்றின் ஓரத்தை மெசினில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "இரத்தம் சொட்டும் விரலோடு ஸஜீதா..."

வேண்டாம். கையை வெட்டாமலிருக்கவும், துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்தவும்தானே ஓரத்தைத் தேய்ப்பது? தொழில் தெரிந்தவளை முதல் வரியிலேயே காயப்படுத்துவானேன்?

3

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நல்லம்மா, லயத்து வரிசை அறையை விட்டுப் புதுவீட்டுக்குப் போகிறாள். மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். வாசற்கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடியில் ஒரு சேவல் வைக்க வேண்டுமென்பது அவள் கணவனின் ஆசை. ஸஜீதா துண்டுகளை வெட்டி, தேய்த்து, வரைபடத்தின்மேல் அடுக்கிவிட்டாள். பாக்கி, சிவப்புக் கொண்டை மட்டும்.

மெசினில் சுழலும் தேய்ப்புச் சில்லை நனைக்கும் பஞ்சு காய்ந்துபோனதை அவள் கவனிக்கவில்லை. கண்ணாடி சூடேறி, டக்கென்று கொண்டையின் மேல்பாதி தெறித்து விழுந்தது. அந்தச் சிவப்பில் வேறு கண்ணாடி இல்லை. கொழும்பிலிருந்துதான் வர வேண்டும்.

(வெறும் கண்ணாடியில் சிவப்புப் பெயின்ட் பூசி அவளைத் தப்பவைக்கப் பார்த்தேன். "யாருக்குத் தெரியப் போகிறது என்று ஸஜீதா தூரிகையை..." அதற்குமேல் அவள் எழுத விடவில்லை.)

4

பின்னேரம் நல்லம்மா வந்தாள்.

"கோவிக்காதீங்க அக்கா. கொண்ட ஒடஞ்சிட்டு. மிச்சத்தத் தேச்சா சின்னதாத்தான் வரும்."

இந்த இடத்தில் நல்லம்மா அழுவதற்கு ஒரு பத்தி தயாராக வைத்திருந்தேன். அவளோ குனிந்து பார்த்தாள்.

"எம்புட்டு சின்னதா?"

"நகத்தளவு."

"அப்ப பெட்டக்கோழியா ஆக்கிருங்க தங்கச்சி."

"ஒங்கட மாப்பிள சேவல்தானே கேட்டார்?"

"கேட்டாரு. சேவலு கூவிட்டு ஊர் சுத்தப் போயிரும். வீட்டுல இருக்கிறது பெட்டதானுங்களே?"

ஸஜீதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொண்டையின் உடைந்த விளிம்பை வழவழப்பாக்கினாள். நீண்டு வளைந்திருந்த வால் துண்டுகளையும் குறுக்கினாள். நல்லம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, பஞ்சு காயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாவு வெள்ளைச் சேறாக வழிந்தது.

"இந்தப் பக்கம் சொரசொரன்னு இருக்கே."

"ஓ, ஈக்குதான்," என்று ஸஜீதா மறுபடி தேய்த்தாள்.

ஓரங்களுக்குச் செப்பு நாடா சுற்றி, ஈயம் உருக்கி இணைத்தபோது, மேசைமேல் ஒரு பெட்டைக்கோழி நின்றது. சற்றுத் திமிரான கோழி. இருவருக்கும் அதைப் பிடித்துப்போனது.

5

"மாப்பிள கேட்டா?"

"கேக்கட்டும். பதில் வச்சிருக்கேன்."

என்ன பதில் என்று அவள் சொல்லவில்லை. நானாக மூன்று எழுதினேன். ஒன்றில் கணவன் கோபிக்கிறான், ஒன்றில் சிரிக்கிறான், மூன்றாவதில் அவன் கோழியையே கவனிக்கவில்லை. மூன்றும் என் குரலில் இருந்தன, அடித்துவிட்டேன்.

இப்போது நல்லம்மா, பழைய சேலையில் சுற்றிய கோழியை மடியில் அணைத்தபடி பசறை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கிறது. நீங்கள் ஏறி உட்காருங்கள். பஸ் புறப்படட்டும், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.